ஒரு வருடக் கல்யாணம் 1816இல் செல்லுமா?

கேள்வி: இணையத்தில் தொடர்கதை எழுதுகிறேன். களம் லண்டன், 1816. நாயகன் 28 வயது எர்ல், அதாவது பிரபுப் பட்டம் உடையவன். அப்பா வைத்துவிட்டுப் போன கடனைக் கட்டாவிட்டால் அவனுக்குச் சிறை. முப்பது வயதுக்குள் மணமுடிக்காவிட்டால் பட்டமும் மாளிகையும் சித்தப்பா மகனுக்கு என்று தாத்தாவின் உயில் வேறு. நாயகிக்கு 19 வயது, பெற்றோர் இல்லை. வணிகரான அப்பா அவளுக்கு 50,000 பவுண்டு விட்டுப்போயிருக்கிறார். கார்டியனான மாமா அவளைத் தன் வயதான கூட்டாளிக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார். நாயகனும் நாயகியும் ஒப்பந்தம் போடுகிறார்கள்: ஒரு வருடம் பெயருக்குக் கணவன் மனைவி, தொடக்கூடாது, அதன்பின் தாம்பத்தியம் நடக்கவில்லை என்று சொல்லித் திருமணத்தை ரத்து செய்துகொள்வது. மூன்றே நாளில், நள்ளிரவில், அவன் வீட்டு நூலக அறையில் கல்யாணம் நடக்கிறது. எட்டு அத்தியாயம் வெளியாகிவிட்ட நிலையில் ஒரு வாசகர், “அந்தக் காலச் சட்டப்படி இதெல்லாம் செல்லாது” என்று எழுதியிருக்கிறார். எதை மாற்ற வேண்டும்? காதலை எப்படி நம்பும்படி வரவழைப்பது?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நள்ளிரவுக் கல்யாணத்தைத் தொடாதீர்கள். அது செல்லும். 1754இல் நடைமுறைக்கு வந்த ஹார்ட்விக் சட்டப்படி இங்கிலாந்தில் திருமணம் தேவாலயத்தில்தான் நடக்க வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை ‘பான்ஸ்’ என்ற திருமண அறிவிப்பை வாசித்திருக்க வேண்டும், அல்லது பிஷப்பிடம் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். நேரமும் காலை எட்டு முதல் நண்பகல் வரைதான். ஆனால் கேன்டர்பரி ஆர்ச்பிஷப் தரும் ஸ்பெஷல் லைசென்ஸ் இருந்தால் எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் நடத்தலாம். அது எல்லோருக்கும் கிடைக்காது. பிரபுக்கள், அவர்களுடைய பிள்ளைகள், நீதிபதிகள், பாராளுமன்ற உறுப்பினர்கள் போன்றவர்களுக்குத்தான். உங்கள் நாயகன் எர்ல் என்பதால் தடையில்லை. செயின்ட் பால் தேவாலயத்துக்குத் தெற்கே இருந்த டாக்டர்ஸ் காமன்ஸ் என்ற திருச்சபைச் சட்ட அலுவலகத்துக்குப் போய், இரண்டு பேர் பெயரையும் சொல்லி வாங்கிவர வேண்டும். மணமகள் பெயரைக் காலியாக விட்ட லைசென்ஸைப் பையில் வைத்துத் திரியும் நாயகர்களைப் பல கதைகளில் பார்க்கலாம். அப்படி ஒன்று கிடையாது. பாதிரியாரைத் தவிர இரண்டு சாட்சிகள் நிற்க வேண்டும், பதிவேட்டில் கையெழுத்தும் வேண்டும்.

உங்கள் கதையில் உண்மையாகவே இடிப்பவை நான்கு: ரத்து, நாயகியின் வயது, கடன் சிறை, தாத்தாவின் உயில். இவற்றில் ரத்துதான் கதையின் அஸ்திவாரத்தையே ஆட்டுகிறது. அதை முதலில் பார்ப்போம்.

தாம்பத்தியம் நடக்கவில்லை என்பது 1816இல் தனிக் காரணமாக நிற்காது. திருமண வழக்குகளை அன்று திருச்சபை நீதிமன்றங்கள் விசாரித்தன. அங்கே நிரூபிக்க வேண்டியது இயலாமையை: மணநாளிலிருந்தே கணவனுக்கோ மனைவிக்கோ உடலளவில் முடியாது என்று காட்ட வேண்டும். பொதுவாக மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்தும் முடியவில்லை என்று நீதிமன்றம் எதிர்பார்க்கும், மருத்துவர்களை விட்டுப் பரிசோதிக்கும். இருவரும் முன்கூட்டியே பேசிவைத்து வந்தார்கள் என்று தெரிந்தால் வழக்கு அங்கேயே விழுந்துவிடும். உங்கள் ஒப்பந்தமே அதற்குச் சாட்சியாகிவிடுகிறது. வாரிசு வேண்டிய ஒரு எர்ல் தனக்கு ஆண்மை இல்லை என்று ஊரறிய எழுதிக்கொடுப்பானா என்பதையும் யோசியுங்கள். தாம்பத்தியத்தை வேண்டுமென்றே மறுப்பது ரத்துக்குக் காரணமானது 1937ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். பிற்கால வழக்கத்தை முன்காலத்துக்கு ஏற்றிவிடுவதால் வரும் பிழை இது. ஆங்கிலத்தில் எழுதுபவர்களே நிறையச் செய்கிறார்கள்.

விவாகரத்து என்றால் இன்னும் கஷ்டம். மறுமணம் செய்யும் உரிமையோடு பிரிய வேண்டுமானால் மூன்று படி ஏற வேண்டும்: மனைவியின் காதலன் மேல் நஷ்டஈட்டு வழக்கு, திருச்சபை நீதிமன்றத்தில் பிரிவு உத்தரவு, கடைசியில் பாராளுமன்றத்தில் தனி மசோதா. பெண் ஒருத்தி பாராளுமன்ற மசோதா மூலம் முதன்முதலாக வென்றது 1801இல். 1857இல் சட்டம் மாறும்வரை மொத்தமே நான்கு பெண்களுக்குத்தான் கிடைத்தது.

ஆக, உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. இந்த வகைக் கதைக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது. கதவு திறந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதினால் இரண்டு பேரும் ஒரு வருடத்தைக் கடத்தினால் போதும், எதையும் இழக்க வேண்டியதில்லை. கதவை மூடிவிட்டால், அரைகுறையாகத் தெரிந்த ஒருவரோடு ஆயுசு முழுக்க என்ற பயம் முதல் இரவிலிருந்தே கூட வரும்.

உங்கள் ‘ஒரு வருடம்’ என்ற கெடுவை விட்டுவிட வேண்டாம். அதற்கு வேறு பொருள் கொடுங்கள். ஒரு வருடம் ஒரே கூரையின் கீழ், ஊர் நம்பும்படி. அதன்பின் அவளுக்குப் பாத் நகரில் தனி வீடு, ஆண்டுக்கு 600 பவுண்டு. அவன் தன் வழியில். டிரஸ்டிகளை வைத்துத் தனியாக வாழும் பத்திரம் எழுதிக்கொள்வது அன்று உண்மையில் நடந்தது. ஆனால் இருவரும் கணவன் மனைவியாகவே இருப்பார்கள், வேறு யாரையும் மணக்க முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. குழந்தை பிறந்தால் அது சட்டப்படி அப்பாவுக்குத்தான். சிறு குழந்தையை வைத்துக்கொள்ள மனு போடும் உரிமை தாய்க்குக் கிடைத்தது 1839இல். ஒன்பதாம் மாதத்தில் அவள் கருவுற்றால் பாத் வீட்டின் பொருளே மாறிவிடும். கிளம்பினால் குழந்தையை விட்டுத்தான் கிளம்ப வேண்டும். உங்கள் இரண்டாம் பாதிக்குத் தனி வில்லனே தேவைப்படாது.

இனி நாயகியின் வயது. 21 நிறையாதவர் லைசென்ஸ் மூலம் மணப்பதற்குத் தந்தையின் சம்மதம் வேண்டும். தந்தை இல்லாவிட்டால் கார்டியனின் சம்மதம். அது இல்லாமல் நடந்த கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது, பத்து வருடம் கழித்துக் கண்டுபிடித்தாலும் செல்லாது, பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தவர்களாகிவிடுவார்கள். மாமாவை ஏமாற்றி 19 வயதில் மணக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவள் எர்லின் மனைவியே இல்லை. இரண்டு வழி உண்டு. ஒன்று, ஸ்காட்லாந்து. அங்கே இந்தச் சட்டம் கிடையாது. எல்லையைத் தாண்டியதும் கிரெட்னா கிரீனில் சாட்சிகள் முன் சம்மதம் சொன்னால் போதும். ஆனால் லண்டனிலிருந்து சுமார் 320 மைல். குதிரை மாற்றி மாற்றி இரவு பகலாக ஓட்டினாலும் இரண்டு நாள் பிடிக்கும். உங்கள் நூலக அறை போய்விடும். இரண்டாவது, அவள் வயதை 22 ஆக்குவது. நான் இதைத்தான் சொல்வேன்.

22 வயதுப் பெண் மாமாவுக்கு ஏன் பயப்பட வேண்டும்? பணம் காரணமாக. உங்களுக்கு ஓர் உயில் தேவைதான், ஆனால் அது அவள் அப்பாவின் உயிலாக இருக்கட்டும். 50,000 பவுண்டு அவளுக்கு 25 வயதாகும்வரை மாமாவின் நிர்வாகத்தில். அதற்கு முன் மணந்தால், அப்பாவின் பழைய வணிகப் பங்காளியின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். சம்மதமின்றி மணந்தால் பணம் மாமா மகனுக்கு. இந்தக் கடைசி வாக்கியம் கட்டாயம் இருக்க வேண்டும். ‘மீறினால் யாருக்கு’ என்று வேறொருவரைக் குறிப்பிடாத நிபந்தனையை, ரொக்கச் சொத்து விஷயத்தில், உயில், டிரஸ்ட் வழக்குகளைப் பார்த்த சான்சரி நீதிமன்றம் வெறும் மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளும். மாமா கணக்கில் கைவைத்துவிட்டார், 25 வரை காத்திருந்தால் பணமே இருக்காது என்று அவளுக்குத் தெரியவருகிறது. இப்போது அவளுக்கும் அவசரம் இருக்கிறது.

தாத்தாவின் உயிலை முழுதாக எடுத்துவிடுங்கள். பட்டம் உயிலால் போவதில்லை. அரசரின் பட்டயத்தில் சொன்ன ஆண்வழியில் தானாக இறங்கும். யாரும் பறிக்க முடியாது, அவனே வேண்டாமென்றாலும் விட முடியாது. மாளிகையும் நிலமும் என்டெயிலில், அதாவது வாரிசு வழியில் மட்டுமே இறங்கும்படி, கட்டுண்டிருந்தால் அதற்கும் உயில் செல்லாது. எர்ல் அதன் ஆயுட்கால அனுபவஸ்தன் மட்டுமே.

கடனுக்காக அவனைச் சிறையிலும் தள்ள முடியாது. பிரபுக்களைக் கடன் வழக்கில் கைது செய்ய முடியாது, பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. மார்ஷல்சி என்ற லண்டன் கடன்காரர் சிறைக் காட்சி வேண்டுமென்றே வேண்டுமானால் நாயகனை வாட்டர்லூவுக்குப் பின் பாதிச் சம்பளத்தில் நிற்கும் கேப்டனாக்குங்கள். ஆனால் அப்போது ஸ்பெஷல் லைசென்ஸ் கிடைக்காது. எர்லாகவே இருந்தால் ஜப்தி ஆட்கள் வந்து மேசை நாற்காலியைத் தூக்கலாம், கடன்காரர்கள் அவனுடைய ஆயுட்கால வருமானத்தைப் பிடிக்கலாம். அதுவே போதும். தங்கைகளின் கண்ணெதிரே வெள்ளிப் பாத்திரங்களைப் பட்டியல் எடுப்பது சிறையைவிட நெருக்கமான அவமானம்.

அவன் கடன் எப்படி வந்தது என்பதைச் சூதாட்டம் என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிடாதீர்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு தருகிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். குத்தகை வரவு ஆண்டுக்கு 8,000 பவுண்டு. விதவைத் தாய்க்கு 1,500. இரண்டு தங்கைகளுக்குத் தலா 5,000 சீதனம் எழுதியிருக்கிறது, அதற்கு வட்டி 500. அடமானக் கடன் 60,000, சட்டம் அனுமதித்த உச்ச வட்டி ஐந்து சதவீதத்தில் 3,000. பராமரிப்பு, சம்பளம், வரி 1,500. மிச்சம் 1,500. இப்போது போர் முடிந்து தானிய விலை சரிகிறது, குத்தகைக்காரர்கள் தவணை கேட்கிறார்கள். 1815 ஏப்ரலில் தம்போரா எரிமலை வெடித்ததால் 1816இல் கோடையே வரவில்லை, விளைச்சலும் கெட்டது. வரவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் 6,400. செலவு 6,500. தன் சாப்பாட்டுக்கு ஒரு பென்னிகூட இல்லாத எர்ல் இப்படித்தான் உருவாகிறான். யாரும் கெட்டவரில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த வருடம் கதைக்குக் கிடைத்த வரம்.

இந்தக் கணக்கு அவள் பணத்தைச் சந்திக்கும் இடம் செட்டில்மென்ட் பத்திரம். நம் சார்பதிவாளர் அலுவலகத்துச் செட்டில்மென்ட் அல்ல, திருமணத்துக்கு முன் இரு தரப்பு வழக்கறிஞர்களும் எழுதும் ஏற்பாடு. பத்திரம் இல்லாவிட்டால், தாலி கட்டிய மறுநிமிடம் என்று நாம் சொல்வதுபோல, மோதிரம் போட்ட மறுநிமிடம் அவளுடைய ரொக்கம் முழுவதும் அவனுடையது. பத்திரத்தில் பார்க்க வேண்டியவை சில.

அவள் பெயரில் டிரஸ்டிகளிடம் எவ்வளவு நிற்கும்: ‘அவளது தனி உபயோகத்துக்கு’ என்று எழுதினால் கணவனோ அவன் கடன்காரர்களோ தொட முடியாது. 50,000இல் 30,000 அடமானத்துக்குப் போகட்டும், அவனுக்கு ஆண்டு வட்டி 1,500 குறையும். 20,000 டிரஸ்டில் நிற்கட்டும். பின் மணி என்பது அவள் கைச்செலவுக்கு வருடாவருடம் தர வேண்டியது, மஞ்சள்காணியின் வருமானம் மாதிரி. ஒரு சின்னச் சட்டக் குறிப்பு: கேட்காமல் விட்டால் ஒரு வருட பாக்கிக்கு மேல் பின்னால் கேட்க முடியாது. அடுத்து ஜாயின்ச்சர், அவன் இறந்தால் அவளுக்கு ஆயுள்வரை வரும் ஆண்டுப்படி. அவள் கொண்டுவரும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் ஆண்டுக்கு நூறு என்பதுதான் பேரத்தின் தொடக்கப் புள்ளி. அந்தக் கணக்குப்படி 5,000 வரும், எஸ்டேட் தாங்காது. 2,000க்கு இறங்குவதற்கு அப்பாவின் பங்காளி என்ன கேட்பார்? இந்தப் பேரத்தை ஒரு முழு அத்தியாயமாக எழுதுங்கள். சம்பந்தம் பேசும்போது நகையும் நிலமும் எண்ணப்படுவதை அறிந்த தமிழ் வாசகருக்கு அந்த அறையின் மௌனம் சொல்லாமலே புரியும். மேசைக்கு அந்தப் பக்கம் அவன் இருக்கிறான், தன் விலையைக் கேட்டுக்கொண்டு.

பத்திரம் எழுத வாரக்கணக்கில் ஆகும். மூன்று நாள் அவசரத்துக்கு என்ன செய்வது? ‘ஆர்ட்டிகிள்ஸ்’ என்று ஒரு சுருக்க உடன்படிக்கையை மணத்துக்கு முன் கையெழுத்திட்டுவிட்டு, முழுப் பத்திரத்தைப் பின்னால் எழுதலாம். முன்பே எழுதியது என்பதால் கடன்காரர்கள் அசைக்க முடியாது. மணத்துக்குப் பின் சும்மா எழுதிய பத்திரத்தை அவர்கள் உடைக்கலாம். ஆர்ட்டிகிள்ஸ் இல்லாமல் அவசரமாக மணந்தவளுக்கு நேர்வது இதுதான்: கணவன் நல்லவனாக இருந்தும் பணம் போய்விடும்.

‘தொடக்கூடாது’ என்ற நிபந்தனை பத்திரத்தில் ஏறாது. எந்த நீதிமன்றமும் அதைக் காப்பாற்றாது, சட்டம் முழுக்க அவன் பக்கம். அவளுக்கு இருக்கும் ஒரே காப்பு அவன் வாக்கு. இதை நாயகி தெளிவாகத் தெரிந்துவைத்திருக்கட்டும். அப்போதுதான் அவன் ஒவ்வொரு இரவும் கதவருகே நின்று விலகுவதற்கு எடை வரும். வாரிசு வேண்டிய பிரபு ‘எப்போதுமே கூடாது’ என்று ஒப்புக்கொள்ளமாட்டான். ‘ஒரு வருடம், நீங்களாக அழைத்தாலொழிய’ என்று வைத்தால் பொருந்தும். அப்படியே, தனித்தனிப் படுக்கையறையால் வேலைக்காரர்கள் சந்தேகப்படுவதாக எழுதியிருப்பதை எடுத்துவிடுங்கள். அந்த வீடுகளில் தம்பதிக்குத் தனி அறைகளும் நடுவே ஒரு கதவும் இயல்பு. படுக்கை விரிப்பை மாற்றும் பணிப்பெண்ணுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

உடை, நடனம், கட்டிலுக்குப் பூ அலங்காரம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மணமகள் வெள்ளை உடுத்தியே ஆக வேண்டுமென்பதில்லை. அடுத்த தொடருக்காக ஒரே ஓர் எச்சரிக்கை: அண்ணன் விதவையைத் தம்பி மணந்து காப்பாற்றும் கதையை அங்கே கொண்டுபோகாதீர்கள். அது தடைசெய்யப்பட்ட உறவு, வழக்குப் போட்டு உடைக்கலாம். அத்தை, மாமா பிள்ளைகள் மணக்கலாம்.

காதலுக்கு வருகிறேன். வசதிக்காக மணந்தவர்கள் மனமொன்றுவது நம்பக்கூடியதா என்றால், அந்த அரச குடும்பத்திலேயே இரண்டு விடையும் இருக்கிறது. பின்னாளில் ரீஜன்டாக, அதாவது அரசருக்குப் பதிலாக ஆள்பவராக, ஆன இளவரசர் 1795 ஏப்ரல் 8இல் கரோலினை மணந்தது 6 லட்சம் பவுண்டைத் தாண்டிய கடனுக்காக. மறு ஜனவரியில் மகள் பிறந்தாள், சில மாதங்களில் பிரிந்துவிட்டார்கள். அவர் தம்பி கிளாரன்ஸ் டியூக் 1818 ஜூலையில் மணந்ததும் வாரிசுக்காகவும் பணத்துக்காகவும்தான். அவருக்கு 52 வயது, நடிகை ஒருவரோடு வாழ்ந்து பத்துப் பிள்ளைகள். மணப்பெண் அடிலெய்டுக்கு 25. ஒருவரையொருவர் பார்த்தே சில நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பிள்ளைகளை அடிலெய்டு வெறுக்கவில்லை, வீட்டில் சேர்த்துக்கொண்டார். அந்தத் தம்பதி கடைசிவரை அன்பாகவே வாழ்ந்தார்கள். ஆஸ்திரேலிய நகரத்துக்கு அந்த அம்மையாரின் பெயர்தான். அங்கே காதல் வந்த வழியைக் கவனியுங்கள்: ஒருவர் சுமையில் இன்னொருவர் கைகொடுத்தது.

உங்கள் கதையிலும் அப்படி ஒரு வழி இருக்கிறது, இன்னும் நீங்கள் அதைத் தொடவில்லை. நாயகி வணிகர் மகள், பேரேடு படிக்கத் தெரிந்தவள். ‘ஒருவர் வரவுசெலவை இன்னொருவர் கேட்கக்கூடாது’ என்பதை ஒப்பந்தத்தின் ஒரு நிபந்தனையாக வையுங்கள். முதலில் உடைவது அதுவாக இருக்கட்டும். எஸ்டேட் மேலாளர் ஒரே பழுதுபார்ப்புச் செலவை இரண்டு பக்கத்தில் எழுதியிருப்பது அவள் கண்ணில் படுகிறது. கேட்கக்கூடாது, கேட்காமலும் இருக்க முடியவில்லை. அவன் கோபப்பட்டு, இரண்டு நாள் கழித்து அலமாரிச் சாவியை அவள் தட்டருகே வைக்கிறான். நிபந்தனைகளை நாலைந்துக்கு மேல் வைக்காதீர்கள், ஒவ்வொன்றும் ஒரு காட்சியில் உடையட்டும், உடைப்பவருக்கு ஏதாவது ஓர் இழப்பு இருக்கட்டும். ஏழாம் அத்தியாயத்தில் மழையில் நனைந்து காய்ச்சல் வந்து அவள் பணிவிடை செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். நன்றாக எழுதியிருந்தாலும் அது எந்தக் கதையிலும் ஒட்டும் காட்சி. பேரேடு உங்கள் கதைக்கு மட்டுமே உரியது.

தமிழில் எழுதுவதால் உங்களுக்கு ஒரு கூடுதல் கருவி இருக்கிறது. அந்தத் தம்பதி ஆங்கிலத்தில் பேசும்போது ‘யூ’ ஒன்றுதான். மரியாதையைப் பெயரில்தான் காட்டுவார்கள்: மனைவிகூடக் கணவனை அவன் பட்டப் பெயரால் கூப்பிடுவாள், அவன் அவளை ‘லேடி’ என்று சேர்த்துச் சொல்வான். உங்களிடம் ‘நீங்க’ளும் ‘நீ’யும் இருக்கின்றன. உங்கள் நாயகன் இரண்டாம் அத்தியாயத்திலேயே அவளை ‘நீ’ என்கிறான். அது இங்கத்துத் தொடர்களின் பழக்கம், அவனுடையதல்ல. இருவரும் ‘நீங்கள்’ என்றே பேசட்டும். ‘நீ’ ஒரே முறை, முதலில் அவள் வாயிலிருந்து, அவளே கவனிக்காமல் வரட்டும்.

வெளியான எட்டையும் மறுபடி எழுத வேண்டாம். வயது, உயில், கடன் சிறை, ஒப்பந்தத்தின் கடைசி விதி, இந்த நான்கையும் திருத்தி மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் மாற்றி ஏற்றுங்கள், மேலே ஒரு வரிக் குறிப்போடு. ஒன்பதாவதில் முழு செட்டில்மென்ட் தோல்தாளில் எழுதப்பட்டு வழக்கறிஞர்கள் இருக்கும் லிங்கன்ஸ் இன்னிலிருந்து வந்து சேரட்டும். ஆர்ட்டிகிள்ஸில் சொன்னதைவிட அவளுக்கு 5,000 பவுண்டு அதிகமாக எழுதியிருக்கிறது. யார் எழுதச் சொன்னது என்று அவள் கேட்க வேண்டும். அவன் பதில் சொல்லாமல் மைக்கூட்டை அவள் பக்கம் நகர்த்த வேண்டும்.